அடைக்கலத்துக்கு ஒரு சட்டம் வேண்டும்

நம் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. 1908-ல் வ.உ.சி.யோடு தேசத்துரோக வழக்கில் உள்ளே போனவர், தொழுநோயோடு வெளியே வந்தார். 1925-ல் இங்கேதான் கண் மூடினார். அதே 1908-ல் பாரதிக்கு வேறு வழி கிடைத்தது. கைது வரப்போகிறது என்று தெரிந்ததும் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயப் போலீஸால் உளவாளிகளைத்தான் உலாவவிட முடிந்தது. பிறகு அங்கேயும் வெளியாட்களுக்குக் கெடுபிடி வந்தது. கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால்தான் தங்கலாம் என்றார்கள். போட ஆள் கிடைத்தது, தங்கினார். இடைஞ்சல் செய்ய வந்த விதிதான். ஆனாலும் இன்னது செய்தால் தங்கலாம் என்று எழுத்தில் இருந்தது.

இன்றைக்கு ஒரு பத்திரிகையாளர், தன் நாட்டு அரசுக்குப் பயந்து நம் எல்லைக்குள் வந்தால் என்ன ஆகும்? 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்கிருந்து தப்பிய பத்திரிகையாளர்கள் குடும்பத்தோடு மணிப்பூருக்குள் வந்து ஒளிந்திருந்தார்கள். மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம் உயிர்வாழும் உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவைக் காட்டி, டெல்லியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுக அவர்களுக்கு வழிவிட்டது. நல்ல வக்கீலும் இரக்கமுள்ள நீதிபதியும் அமைந்தார்கள். அமையாதவர் கதி?

1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. சொந்தமாக ஒரு அடைக்கலச் சட்டமும் கிடையாது. 1946-ன் வெளிநாட்டினர் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2025-ல் புதுச்சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் அடைக்கலம் கேட்பவருக்கென்று தனி வழி இல்லை. திபெத்தியருக்கு ஒரு கொள்கை, ஈழத்தமிழருக்கு இன்னொன்று, மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியாவுக்கு வேறொன்று. உயிர்ப்பயம் ஒன்றுதான். எந்த நாட்டிலிருந்து வந்தார், டெல்லியில் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்து முடிவு மாறுகிறது.

நம் பக்கம் நாகாவதி அணை, பாம்பாறு அணை என்று அணையோரமாகவே ஈழத்தமிழர் முகாம்கள் இருப்பது தெரிந்ததுதான். எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த தம்பி முகாமில் பிறந்தவர். புருவத்தில் பட்டித்தூள் அப்பியிருக்க, உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நாளைக்கு செக்கிங் இருக்குண்ணா, வர முடியாது.” வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வரும் நாளில் நேரில் நிற்காவிட்டால், முகாமில் இருப்பவர்களுக்கு அரசு தரும் பணக்கொடை சிக்கலாகிவிடும். இவர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் இவர் வெளிநாட்டவர்.

2025-ல் ஒரு நல்லது நடந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் அது ஓர் ஆணை. ஆணை போட்டவரே அதைத் திருத்தலாம், எடுக்கவும் செய்யலாம். இதைத்தான் நான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறேன்.

“ஊரெல்லாம் வந்து குவிந்துவிடுவார்களே” என்று கேட்பீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே, உலக அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசாலை அல்ல என்றது. சரி, 140 கோடிப் பேர் உள்ள நாடு, கவலை நியாயம். ஆனால் சட்டம் என்றால் கதவை அகலத் திறந்துவைப்பதா? விண்ணப்பம், கைரேகை, விசாரணை, கெடுவுக்குள் முடிவு, மறுத்தால் காரணம், மேல்முறையீடு. கொலைகாரனும் போர்க்குற்றவாளியும் அந்த விசாரணையில்தான் மாட்டுவான். இப்போது பதிவே இல்லாமல் பயந்து ஒளிந்திருப்பவரை எந்தப் போலீஸ் கண்காணிக்கும்? தென்கொரியா 2012-லேயே இப்படி ஒரு சட்டம் இயற்றிவிட்டது. அது ஒன்றும் சத்திரமாகிவிடவில்லை.

சசி தரூர் 2015-லும் 2022-லும் மக்களவையில் அடைக்கல மசோதா கொண்டுவந்தார். அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதா என்பதால் அப்படியே கிடந்தது. 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமானதில்லை. அப்புறம் என்ன, அரசுதான் கொண்டுவர வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி எம்.பி.க்கள் இருவரின் தொகுதிப் பக்கமும் முகாம்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தொடரில் ஒரு கேள்வியாவது போடுங்கள்: புதுச்சட்டம் எழுதியபோது இதை ஏன் விட்டீர்கள் என்று.