அந்தப் பிள்ளை நேரத்தை வீணாக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் கணினி வகுப்பில் நடந்தது, இந்த மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். புலன (வாட்ஸ்அப்) குழுவில் இன்னும் அதே பேச்சுதான். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. சிறப்பு விருந்தினராக வந்த அண்ணன், பெற்றோர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி மேசையில் லேப்டாப்போடு இருந்த பிள்ளையைக் காட்டி, "இந்தக் காலத்தில் யாரும் மெயில் சர்வரைக் கம்பைல் பண்ணுவதில்லை, ஒரு கட்டளை போட்டால் வந்து இறங்கிவிடும், ஏன் நேரத்தை வீணாக்குகிறீர்கள்" என்றார். கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மெயில் சர்வர் என்பது மின்னஞ்சலை வாங்கி அனுப்புகிற மென்பொருள். கம்பைல் என்றால், ஆள் எழுதிய மூல நிரலை, அதாவது சோர்ஸை, மெஷின் ஓட்டுகிற நிரலாகக் கட்டுவது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. மெயில் சர்வரை நடத்துகிறவருக்கு, அதை எதையெல்லாம் சேர்த்துக் கட்டினார்கள், எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். தினமும் கம்பைல் பண்ணச் சொல்லவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

அந்தப் பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அண்ணன் கேட்கவே இல்லை. நான் சொல்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரைச் சோர்ஸிலிருந்து எந்த விருப்பமும் கொடுக்காமல் கட்டியிருந்தாள். பயனர் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வர வேண்டும் என்பதற்காக அதன் அமைப்புகளை எழுதுகிற மெயின்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபிடி சாஸ்ல் ஆத் எனேபிள் என்ற வரிக்கு 'யெஸ்' போட்டாள். சர்வரின் பதிவேடான லாகில் ஓர் எச்சரிக்கை வந்தது: நீ இதை இயக்கச் சொல்கிறாய், ஆனால் சாஸ்ல் வசதியே, அதாவது பாஸ்வேர்ட் சரிபார்க்கிற வசதியே, உள்ளே கம்பைல் ஆகவில்லை. எந்தெந்த சாஸ்ல் வகை உள்ளே இருக்கிறது என்று காட்டுகிற 'போஸ்ட்கான்ஃப் -ஏ' அடித்தாள். ஒன்றும் வரவில்லை, வெறும் திரை. கோப்பில் ஆயிரம் தடவை 'யெஸ்' எழுதினாலும், இல்லாத ஒன்று வேலை செய்யாது.

அப்புறம் 'மேக் டைடி' போட்டுப் பழைய மிச்சங்களைத் துடைத்தாள். 'மேக் மேக்ஃபைல்ஸ்' கட்டளையில், கம்பைல் விருப்பங்களை எழுதுகிற சிசிஆர்க்ஸ் என்ற இடத்தில் யூஸ் சாஸ்ல் ஆத் என்பதையும், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வர் வகை டவ்காட் என்பதையும் கொடுத்து மறுபடி கட்டினாள். திரும்ப 'போஸ்ட்கான்ஃப் -ஏ' அடித்தபோது 'டவ்காட்' என்ற ஒரே ஒரு சொல் வந்தது. சைரஸ் என்ற இன்னொரு வகை வேண்டுமானால் அதன் லைப்ரரியையும் ஆக்ஸ்லிப்ஸ் என்ற லைப்ரரி வரியில் சேர்க்க வேண்டும், டவ்காட்டுக்கு அது வேண்டாம் என்பதையும் அவளாகவே படித்துத் தெரிந்துகொண்டாள். எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வு முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை. இதைத்தான் வீண் என்றார்கள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்து நர்சரியில் ஒட்டுக் கட்டியவர். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகத்தின் மொட்டை ஒட்டினால் அந்த மரம்தான் வரும். நட்டு வளர்த்து, உரம் போட்டு, பால் வெட்டுகிற காலத்தில் நின்று வேறு ரகம் வேண்டும் என்றால் நடக்குமா? கம்பைல் நேரத்து விருப்பங்களும் அப்படித்தான். மெயின்.சிஎஃப் எல்லாம் அதற்குப் பிறகு போடுகிற உரம்.

"பேக்கேஜ் இருக்கிறதே" என்பீர்கள். யாரோ முன்பே கட்டித் தருகிற அந்தத் தயார்ப் பொதி இருக்கிறது, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் பேக்கேஜ் என்றாலும் யாரோ ஒருவர் உங்களுக்காக அந்த விருப்பங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். டெபியன் என்ற லினக்ஸில், எக்ஸிம் என்ற இன்னொரு மெயில் சர்வர் லைட், ஹெவி என்று இரண்டாக வருகிறது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிலும் எல்டாப் என்ற முகவரிக் கோப்பகத்திலும் தேடுகிற வசதியெல்லாம் ஹெவியில்தான். லைட்டைப் போட்டுவிட்டு ஏன் டேட்டாபேஸ் எடுபடவில்லை என்று ராத்திரி முழுக்க முழிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சொல்வது நான் ஈப்போவில் வேலை செய்த இடத்தில் நடந்தது. பெயர் வேண்டாம். புது மெஷினுக்கு மாறினார்கள். பழைய கோப்புகளை அப்படியே காப்பி பண்ணினார்கள். காலையில் வருகிற மெயில் எல்லாம் 451 போட்டுத் திரும்புகிறது, தற்காலிகத் தேடல் பிழையாம். பெரிய இன்ஜினியர்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஃபயர்வாலைத் திட்டினார்கள். எங்கெல்லாம் தேட முடியும் என்று பட்டியல் காட்டுகிற 'போஸ்ட்கான்ஃப் -எம்' அடித்தேன் நான். பட்டியலில் மைஎஸ்கியூஎல் இல்லை. டெபியனில் அது போஸ்ட்ஃபிக்ஸ்-மைஎஸ்கியூஎல் என்ற தனிப் பேக்கேஜ், அதை யாரும் போடவில்லை. லாகிலும் 'ஆதரிக்கப்படாத டிக்‌ஷனரி வகை' என்று பச்சையாக எழுதியிருந்தது. நான் ஒன்றும் மேதை இல்லை. முன்பு ஒரு தடவை கையால் கட்டிப் பார்த்தவன், அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. அன்று என்னிடம் ஒருவர் கேட்டார்: "தோட்டத்துப் பையன்தானே நீ, இதெல்லாம் எங்கே கற்றாய்?" பாராட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

பேக்கேஜ்தான் பாதுகாப்பு என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அது நியாயமான கேள்வி. 2019-இல் எக்ஸிம் 4.87 முதல் 4.91 வரை பெரிய ஓட்டை வெளியானது. பேக்கேஜ் வைத்திருந்தவர்கள் அப்டேட் போட்டு முடித்தார்கள், கையால் கட்டியவர்கள் தாங்களே கவனித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தன் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, எந்த வசதி உள்ளே இருக்கிறது என்று 'எக்ஸிம் -பிவி' அடித்துப் பார்க்கத் தெரியாதவர் எந்த ஓட்டையைப் பற்றிக் கவலைப்படுவார்?

"சொந்த மெயில் சர்வர் இன்று யாருக்கு வேண்டும், கூகுள் ஸ்பாமில் தள்ளிவிடும்." சரி, தள்ளட்டும். நாங்கள் கடை திறக்கவில்லை, வகுப்பு நடத்துகிறோம்.

"பிள்ளைகளுக்கு வேலைதான் முக்கியம்." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. எந்த வேலை? பட்டனை அழுத்துகிற வேலையா? நம் அப்பாக்களுக்கும் அதைத்தானே சொன்னார்கள்! ஆலையில் மெஷினை ஓட்டு, திறந்து பார்க்காதே, திறக்க வேறு ஆள் வருவார். தோட்டத்துக் கணக்கர் கிராணி சொன்னார், மேற்பார்வையாளர் மண்டோர் சொன்னார், நாமும் தலையாட்டினோம். இப்போது நம் ஆளே கோலாலம்பூரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து, நம் பிள்ளையிடமே அதைச் சொல்கிறார். நாம் கை தட்டுகிறோம். பிலிப் ஹேசல் 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எக்ஸிமை எழுதத் தொடங்கினார். சோர்ஸை உலகத்துக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளை மட்டும் அதைத் திறந்து பார்க்கக் கூடாதா?

அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. வந்ததற்கு நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அவர் கிளம்பிய பிறகு அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, "சார், இவளை வேறு ஏதாவது கோர்ஸில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மா. அவருக்கு நான் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அக்கா, இதுதான் பதில்: வேண்டாம். அவள் சரியான இடத்தில்தான் இருக்கிறாள்.

வகுப்பு நிற்காது. வரும் ஞாயிறு எக்ஸிம் எடுக்கிறோம். சோர்ஸில் இருக்கிற எடிட்மீ என்ற மாதிரிக் கோப்பைக் காப்பி பண்ணி லோக்கல் மேக்ஃபைலாக வைத்து, பைனரி எங்கே போக வேண்டும், கான்ஃபிக் எங்கே இருக்க வேண்டும், எந்த யூசர் பெயரில் ஓட வேண்டும் என்ற மூன்றையும் பிள்ளைகளே நிரப்புவார்கள். சந்தேகம் இருக்கிற பெற்றோர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். லேப்டாப் இல்லாத பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏற்பாடு பண்ணுகிறேன்.