வயசான நாய் நொண்டினா…

பத்து வயசு லேப்ரடார் நொண்டினால் யோசிக்காமல் "வயசாச்சு, மூட்டுவலி" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடும், தொல்லையே அதுதான்: வேறு காரணம் இருக்கும்போதும் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

முதலில் எந்தக் கால் என்று பாருங்கள். சமதரையில் மெதுவாக நடக்கவிட்டு போனில் வீடியோ எடுங்கள். முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். பின்னங்கால் என்றால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கும். வீடியோ அவசியம், கிளினிக்கில் பயத்தில் பல நாய்கள் ஒழுங்காக நடந்து காட்டிவிடும்.

அடுத்து பாதம். விரலிடுக்கில் முள், உண்ணி, புண் இருக்கிறதா? மணிக்கட்டுப் பக்கம் தரையில் படாத அந்த ஒற்றை நகம் தேயவே தேயாது, சுருண்டு சதைக்குள் இறங்கிவிடும்.

மூட்டுத் தேய்மானம் என்றால் படுத்து எழுந்ததும் விறைப்பாக இருக்கும், கொஞ்சம் நடந்ததும் தளரும். திடீரென்று பின்னங்காலை நுனிவிரலில் மட்டும் ஊன்றி, உட்காரும்போது அதே காலை வெளியே நீட்டினால் முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) மேல் சந்தேகம் வரவேண்டும். சோபாவில் இருந்து குதித்ததால் வந்தது என்பார்கள். நாய்களுக்கு அது பெரும்பாலும் நாள்பட நைந்து, ஒரு நாள் அறுவது. அடுத்த காலும் பின்தொடரலாம்.

இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால், கூடவே காய்ச்சல், சோர்வு என்றால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் இது சர்வசாதாரணம். நகத்தின் மேல்பக்கம் தேய்ந்து, பாதம் மடங்கி இழுபட்டால் கோளாறு முதுகுத்தண்டில் இருக்கலாம்.

நான் அதிகம் பயப்படுவது எலும்புப் புற்றுநோய்க்குத்தான். ராட்வீலர், கிரேட் டேன் மாதிரி பெரிய இனங்களில், மணிக்கட்டுக்கு மேலேயோ தோள், முழங்கால் பக்கமோ கெட்டியான வீக்கம் வரும். ஓய்வு கொடுத்தாலும் நொண்டல் வாராவாரம் கூடும், வலி மாத்திரைக்கும் கேட்காது. அப்போது எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை என்றதும் ஒன்று. வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், கிட்னியும் போகும். மலம் தார் மாதிரி கறுத்தால் அன்றைக்கே ஓடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். அது தெரியாமல் டாக்டர் இன்னொரு வலி ஊசியோ ஸ்டீராய்டோ போட்டால் பாதிப்பு இன்னும் மோசமாகும்.