அட்டை இல்லாவிட்டாலும் உள்ளே போகலாம்

'நூலகம் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத்தான், உறுப்பினர் அட்டை இல்லாத மீனவனை உள்ளேயே விடமாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை, அண்ணே. அரசுப் பொது நூலகத்தில் அட்டை கேட்பது புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான். உட்கார்ந்து பேப்பர் படிக்க யாரும் போகலாம். ஓசியும் இல்லை: 1948 சட்டப்படி வந்த நூலக வரி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு, நாம் கட்டுவதுதான்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்தில் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊர் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒருவர் டீசல் விலைச் செய்தியைச் சத்தமாக வாசிப்பார். எழுத்து தெரியாத பெரியவர் இடைமறித்து 1964 தனுஷ்கோடிப் புயல் கதையை எடுத்துவிடுவார். அப்புறம் பேப்பராவது ஒன்றாவது! குறை சொல்வதென்றால் திறக்கும் நேரத்தைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.