தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தீராது

ஏற்காட்டு எஸ்டேட்டில் ஓடும் மினி டிராக்டர் விட்டு விட்டுச் சூடாகிறது என்று கேட்டவருக்கு, ‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்க, சரியாயிடும்’ என்று மேலே உள்ள பதிலில் ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும். டீசல் சரியாக எரியாது, லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்) தேயும். சில என்ஜின்களில் பைபாஸ் வழி (தண்ணீர் என்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழி) மூடாமல், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சூடு இன்னும் கூடத்தான் செய்யும்.

எப்போது சூடாகிறது என்று முதலில் கவனியுங்கள். ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஓட்டும்போது மட்டும் சூடு காட்டும் முள் ஏறினால் ரேடியேட்டரைப் பாருங்கள். முன்னால் வலை சுத்தமாகத் தெரிந்தாலும், உள்ளே துடுப்புகளுக்கு (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளுக்கு) நடுவே தூசியும் சருகும் எண்ணெயோடு சேர்ந்து அப்பியிருக்கும். டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் வராது. ஃபேன் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவாகக் காற்றடியுங்கள். வேகமாக அடித்தால் துடுப்பு மடங்கிவிடும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் காக்கிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், சேலத்தில் தாங்குகிற வண்டிகூட மேலே கொதித்துவிடலாம். என்ஜின் ஆறாமல் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள்.

முள் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கினால் சென்சார் ஒயர் லூஸாக இருக்கலாம். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் மேலேயே சந்தேகம் என்றால், அதைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே எண்ணில் புதியது மாட்டுங்கள்.