மஞ்சாடி மரமும் பதினொரு சிரிப்பும்

முந்தாநாள் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழுக்கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. கார் மேல் மைனா எச்சம் போடுகிறதாம், அதனால் 'அந்த மரத்தை' வெட்டச் சொல்லி மனு போடலாமாம். மளமளவென்று கட்டைவிரல்கள் ஏறின. நான் கேட்டது ஒன்றே ஒன்று: அது என்ன மரம் என்று தெரியுமா? வந்த பதில், "அக்கா, அவ்வளவு பாசமென்றால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வளருங்களேன்." அதற்குப் பதினொரு சிரிப்பு முகங்கள். எண்ணினேன்.

அது மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வார்கள், மலாய்க்காரர்களுக்கு அது சாகா. காய் முறுக்கிக்கொண்டு வெடிக்கும்போது சிதறுகிறதே சிவப்பு விதை, எடையில் ஒன்றுக்கொன்று அவ்வளவாக வித்தியாசம் இருக்காது என்பதால் அந்தக் காலத்து ஆசாரிகள் அதை வைத்துத்தான் பொன் நிறுத்தார்கள். என் பாட்டி புளோக்குக்குக் கீழே பொறுக்கிய விதைகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்கப் பல்லாங்குழிதான், பேத்தியாயிற்றே என்று ஒரு விதைகூட விட்டுக்கொடுக்க மாட்டார். பாட்டி போய் இருபது வருடம் ஆகிறது, மூடி துருப்பிடித்த அந்த டின் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. எனக்கு எப்படி அது வெறும் 'அந்த மரம்' ஆகும்?

பழகிய மரத்துக்கு ஒன்று என்றால்தான் மனுஷன் வாய் திறப்பான். ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே, பூமலைத் தாவரவியல் பூங்காவின் டெம்புசு மரம், அதை வெட்டு என்று ஒருத்தர் மனு போடட்டும் பார்க்கலாம், ஊரே திரண்டு வந்துவிடும். அது யார் என்று எல்லாருக்கும் தெரியும். நம் புளோக் மஞ்சாடியை யாருக்கும் தெரியாது, அதனால் அது குப்பை.

"மரம் விழுந்தால் உயிர் போகுமே" என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 2017இல் அதே பூமலையில் வேறொரு பழைய டெம்புசு விழுந்து ஒரு பெண் இறந்துபோனார், அதை நான் லேசாகப் பேச மாட்டேன். மரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், கிளையைக் கழிக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முந்தாநாள் உயிரைப் பற்றி யார் பேசினார்கள்? கார் பெயின்டைப் பற்றித்தானே பேசினீர்கள்!

"அதான் அரசாங்கம் 2020இலிருந்து பத்து லட்சம் மரம் நடுகிறதே" என்று இன்னொருவர். 1963இல் பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் ரவுண்டானாவில் ஒரு மெம்பாட் மரக்கன்று நட்டதிலிருந்து இந்த ஊரில் நட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நம்மால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்ளும், மலாயில் அதற்குப் 'புக்குல் லிமா', அதாவது ஐந்து மணி என்றே ஒரு பெயர் உண்டு. அதன் அடியில் நின்று தினமும் பேருந்துக்குக் காத்திருக்கிறோம், எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நேரமில்லையாம். குழுவில் காலையிலிருந்து ராத்திரி வரை குட்மார்னிங் படம் அனுப்ப மட்டும் நேரம் இருக்கிறது.

வேலைவெட்டி இல்லாதவள், மரத்துக்கு வக்கீல், இன்னும் என்னென்னவோ தனியாகப் பேசிக்கொண்டீர்கள் என்றும் காதுக்கு வந்தது. பரவாயில்லை. பத்துப் பேர் சிரித்தது எனக்கு ஒன்றுமே இல்லை, அவர்கள் முகம்கூட லிஃப்டில் பார்த்ததோடு சரி. அந்தப் பதினொன்றாவது சிரிப்பு யாருடையது என்றும் எனக்குத் தெரியும். போன ஆடி மாதம் காலை ஆறு மணிக்கு, "அக்கா, வேப்பமரம் எங்கே இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியும்" என்று போன் போட்டது நீதானே? இந்த ஆடிக்கு வேப்பிலையை டெக்கா மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கிக்கொள்.