சுண்டு விரலுக்கு இடமில்லாத துப்பாக்கி

"பெண்களுக்கு இதுதான் சரியாக வரும்" என்று சொல்லி அந்தக் கடைக்காரர் என் கையில் வைத்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றிலேயே மிகச் சிறிய ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. வளையல் கடையில் குழந்தைக்கு அளவு பார்ப்பதுபோல என் கையை ஒரு முறை பார்த்தார், எடுத்துக் கொடுத்துவிட்டார். நானும் வாங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் எனக்குக் குறி பார்க்கவே வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு மாத எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கமான கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், டெக்சாஸில் இருக்கிறேன். ஆமாம், துப்பாக்கி வைத்திருக்கிறேன். பணி விசாவில் இருந்தவரை தொட்டதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இங்குள்ள கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் சுடுதளம் பக்கம் போனேன். இந்த நாட்டில் இத்தனை துப்பாக்கி தேவையா என்று கேட்டால் எனக்கும் கருத்து உண்டு. அந்தச் சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். இன்று பேச்சு பிடியைப் பற்றி மட்டும்.

நான் சுட்டுப் பழகும் தூரம் ஏழு கஜம், அதாவது ஆறரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. எங்கள் ஊர் வீட்டில் திண்ணையிலிருந்து கொல்லைப்புறம் அதைவிடத் தூரம். அந்தத் தூரத்தில் காகித அட்டையைத் தொங்கவிட்டு ஆறு தோட்டா சுடுவேன். முதல் தோட்டா ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டாவது கொஞ்சம் கீழே. நான்காவது, ஐந்தாவது எல்லாம் இடது பக்கம் கீழே, அட்டையின் ஓரத்தைத் தேடிக்கொண்டு போகும். பக்கத்துத் தடுப்பில் சுடுபவர் எட்டிப் பார்த்து, "குழல் குட்டையாக இருக்கிறதல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்வார். எல்லாரும் சொல்வது இதுதான். சின்னத் துப்பாக்கி என்றால் குழல் குட்டை, குழல் குட்டை என்றால் குறி தப்பும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழல் குட்டையானால், குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே உள்ள தூரமும் குறைகிறது. கிளாக் நிறுவனத்தின் முழு அளவான கிளாக் 17இல் அந்தத் தூரம் ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். சிறிய கிளாக் 43இல் ஏறத்தாழ 132. முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், ஏழு கஜத்தில் பெரியதில் தோட்டா 39 மில்லிமீட்டர் தள்ளிப்போகும், சிறியதில் 48. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. என் தோட்டாக்களோ ஒரு சாண் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சாணுக்குக் குழல் மேல் பழி போட முடியாது. இந்தச் சின்னத் துப்பாக்கிகளை அசையாத தாங்கியில் இறுக்கி வைத்துச் சுட்டால் தோட்டாக்கள் நெருக்கமாகத்தான் விழுகின்றன. குட்டைக் குழல் இருக்கிற பிழையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பிழை பிறக்கும் இடம் கை.

இதை எனக்குக் காட்டியவர் ஒரு பயிற்சியாளர், ஓய்வுபெற்ற காவலர். என் அட்டையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கையின் சுண்டு விரலைப் பார்த்தார். அது பாதி பிடியின் மேலும் பாதி காற்றிலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருவரும் இரண்டு முறை சரிபார்த்த பிறகு, முன்குறிக்குச் சற்றுப் பின்னால் ஒரு கால் டாலர் நாணயத்தை வைத்து, விசையை (ட்ரிக்கரை) இழுக்கச் சொன்னார். நாணயம் விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. "இப்போது உன் சுண்டு விரலை மட்டும் கவனி" என்றார். கவனித்தேன். ஆள்காட்டி விரல் விசையை இழுக்கும் அதே நொடியில், பிடிக்க எதுவும் கிடைக்காத சுண்டு விரல் உள்ளங்கையை நோக்கிச் சுருண்டுகொண்டிருந்தது. அதோடு மோதிர விரலும் இறுகியது. துப்பாக்கியின் மூக்கு கீழே குனிந்தது. ஏழு மாதம் என் கண்ணைச் சந்தேகித்திருக்கிறேன், குற்றவாளி கையின் கடைசியில் இருந்திருக்கிறது.

ஒரு விரலை மடக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து மடங்கப் பார்ப்பது கையின் இயல்பு. எல்லா விரல்களும் ஏற்கெனவே எதையாவது அழுத்திப் பிடித்திருந்தால் அந்த அசைவு துப்பாக்கிக்குப் போய்ச் சேருவது குறையும். இதோடு எடையையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வகைத் துப்பாக்கியின் எடை அரைக் கிலோ. விசையை இழுக்கத் தேவைப்படும் பலமோ சுமார் இரண்டரைக் கிலோ. தன் எடையைப்போல ஐந்து மடங்கு இழுப்பை அசையாமல் தாங்க வேண்டும், அதுவும் இரண்டரை விரல் பிடியில். (2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் விசை இழுப்பின் குறைந்தபட்ச வரம்பு 500 கிராம். பிடியும் உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கிய மரம். "மனு ஒற்றைக் கையால் சுடுகிறாரே" என்று என்னைக் கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.)

சுட்ட பிறகு நடப்பது இன்னொரு கதை. குழல் கைக்கு மேலே இருப்பதால், பின்னுதைப்பு துப்பாக்கியைப் பின்னால் தள்ளுவதோடு மூக்கையும் மேலே தூக்குகிறது. அதை அடக்குவது நெம்புகோல் வேலை. பிடியின் அடிப்பகுதியில் இருக்கும் விரல்களுக்குத்தான் அதற்கான வசதி அதிகம். பாதிப் பிடி உடைந்த அரிவாளால் தேங்காய் உடைக்கப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இடது கைக்கும் இதே பாடுதான். அதன் உள்ளங்கை மேடு பிடியின் பக்கவாட்டில் அழுந்தி உட்கார இடம் வேண்டும், குட்டைப் பிடியில் அது பாதி வெளியே வழிகிறது. ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் துப்பாக்கி கைக்குள் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. என் முதல் தோட்டா நல்ல பிள்ளையாகவும் ஐந்தாவது தறுதலையாகவும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அன்று அவர் என் துப்பாக்கியின் நீளப் பிடி வைத்த தங்கையைக் கொடுத்தார். அதே குழல், அதே குறி, பிடி மட்டும் ஒரு கட்டைவிரல் அகலம் நீளம். பத்துத் தோட்டா. எல்லாம் ஒரு காபி சாஸருக்குள் விழுந்தன. திறமை ஒரு மணி நேரத்தில் வளர்ந்துவிடாது.

இப்படிப் பிடியை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனையைத் துப்பாக்கித் தொழிற்சாலைகளே நமக்காகச் செய்து வைத்திருக்கின்றன. கிளாக் 43 வந்தது 2015இல். 87 மில்லிமீட்டர் குழல், 108 மில்லிமீட்டர் உயரம். 2019இல் வந்த 43எக்ஸில் குழல் அதேதான், உயரம் மட்டும் 128. அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு அதே நிறுவனம் அனுப்பியதிலிருந்து பிறந்த 19எக்ஸ் (2018) இன்னும் சுவாரசியம்: குட்டையான 19இன் மேல்பாகம், முழு நீளமான 17இன் பிடி. அந்தப் போட்டியில் 2017இல் வென்றது சிக் சாவர் என்ற இன்னொரு நிறுவனம், அது வேறு. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்ததைப் பாருங்கள். அதற்கும் வெகு முன்பே, 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் ஜெர்மனியின் வால்தர் பிபிகே அளவுக்கும் எடைக்கும் போடும் அமெரிக்க இறக்குமதி மதிப்பெண்ணில் தேறாமல் போனபோது, அதன் மேல்பாகத்தை எடுத்து அண்ணன் பிபியின் நீளமான பிடிப்பாகத்தில் பொருத்திப் பிபிகே/எஸ் என்று விற்றார்கள். கைக்கு நல்லது என்று யாரும் யோசித்துச் செய்ததல்ல. சட்டத்தின் புண்ணியத்தில் விரலுக்கு இடம் கிடைத்தது.

அப்படியானால் குட்டைப் பிடியை ஏன் செய்கிறார்கள்? மறைப்பதற்காக. இடுப்பில் செருகினால் குழல் உடைக்குள் இறங்கிவிடும், எத்தனை நீளமானாலும் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டு சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொடுப்பது பிடிதான். ஆக, மறைக்க நினைப்பவர் குறைக்க விரும்பும் அதே இடத்தைத்தான் சுட நினைப்பவர் குறைக்கக் கூடாது. இந்த இழுபறி உண்மையானது, நான் மறுக்கவில்லை. பல ஆண்டு சுட்டுப் பழகியவர்கள் இரண்டு விரல் பிடியிலும் நிதானமாக ஒவ்வொன்றாக வைத்து நடுவில் இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். மேகசினின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியின்) அடியில் சுண்டு விரலுக்கென்று ஒரு நீட்சியை மாட்டிக்கொள்ளும் வழியும் உண்டு. நானும் மாட்டிப் பார்த்தேன். வலது கைக்கு உதவியது, இடது உள்ளங்கைக்கு அவ்வளவாக இல்லை. தவிர, மறைப்பதற்காகக் குட்டையாக வாங்கிவிட்டு, பிறகு காசு கொடுத்து அதை நீளமாக்குவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கோபம், முதல்முறை வாங்க வருபவரிடம், அதிலும் பெண்ணாக இருந்தால், இதையெல்லாம் சொல்லாமல் இருப்பதன் மேல்தான். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது இரண்டு அளவுகளைப் போட்டுக் குழப்புவது. சின்னக் கைக்குத் தேவை பிடியின் சுற்றளவு குறைவாக இருப்பதும், ஆள்காட்டி விரலுக்கு விசை எட்டுவதும். நீளம் குறைய வேண்டியதில்லை. மெல்லிய பிடி, ஆனால் நீளமான பிடி என்று கேட்டால் இன்று எத்தனையோ கிடைக்கின்றன. எடை குறைந்த குட்டித் துப்பாக்கி உதைப்பதும் அதிகம்; புதிதாகப் பழகுபவர் கையில் அதைத் திணிப்பது, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு பிரேக் பிடிக்காத சைக்கிளைக் கொடுப்பது மாதிரி.

நீளப் பிடியை வாங்கிய பிறகு பழையதை விற்க அதே கடைக்குப் போனேன். "என்ன ஆயிற்று, கை வலித்ததா?" என்றார். சுண்டு விரலை நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, வாங்கிய விலையில் பாதிக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிறேன். என் கணவர் ஒரு முறை அதைச் சுட்டுப் பார்த்தார். அவருக்குச் சுண்டு விரல் முழுவதுமே அந்தரத்தில். ஆறும் இடது பக்கம் கீழே.