பிலிரூபின் வேறு, பித்தம் வேறு
"ரத்தப் பரிசோதனையில் வரும் பிலிரூபின்தான் சித்த மருத்துவம் சொல்லும் பித்தம், எண் கூடினால் பித்தம் ஏறிவிட்டது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இதே செய்தி இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்திலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அண்ணா, இரண்டும் ஒன்றல்ல. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அது சிதையும்போது ஹீமோகுளோபினிலிருந்து உண்டாகும் மஞ்சள் கழிவுதான் பிலிரூபின். கல்லீரல் அதைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். சித்தம் சொல்லும் பித்தம் அப்படி ஒரு பொருள் இல்லை. செரிமானத்துக்கு அனற்பித்தம், ரத்தத்தின் நிறத்துக்கு இரஞ்சகம், தோல் பொலிவுக்குப் பிராசகம், பார்வைக்கு ஆலோசகம், எண்ணியதை முடிக்கச் சாதகம் என ஐந்து வகை சொல்கிறார்கள். பார்வை வரைக்கும் போகும் ஒரு கருத்தை ஒரே நிறமியில் எப்படி அடக்குவது? பேரில் 'பித்த' இருப்பதால் வரும் குழப்பம் இது.

எனக்குக் கவலை என்னவென்றால், கண் மஞ்சளானவர் "பித்தம்தானே" என்று இஞ்சி மொரப்பா தின்றுகொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். காரணம் கல்லீரல் அழற்சியா, பித்தநாளத்தில் கல்லா, சிவப்பணு சிதைவா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

சரி, நீங்களே சரிபார்க்கலாம். உங்கள் பரிசோதனைத் தாளை எடுங்கள்: பிலிரூபின் கல்லீரல் செயல்பாட்டுப் பகுதியில் மொத்தம், நேரடி, மறைமுகம் என்று மில்லிகிராமில் இருக்கும். அப்புறம் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் யாரிடமாவது பித்தத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள். நாடி பிடித்து, வாதம் 1, பித்தம் அரை, கபம் கால் என்று மாத்திரைக் கணக்குதான் (விழுங்கும் மாத்திரை அல்ல, நாடி நடையின் அளவு) சொல்வார்.